தாங்கிய கைகள்

மூடிக் கிடந்த ஆலையைத் தெருக்காரர்கள் கூடி வெள்ளையடித்து, பிள்ளைகளுக்கென்று திறந்துவிட்டிருக்கிறார்கள். கூரைக் கண்ணாடி வழியே மாலை வெயில் மஞ்சளாய் இறங்குகிறது. யாரையும் அண்டவிடாததால் முசுடு என்று பெயரெடுத்த பெண், இன்று தானாகவே நடுவில் வந்து நிற்கிறாள். கண்ணை மூடிப் பின்னால் சாய வேண்டும், மற்றவர்கள் தாங்கிப் பிடிக்க வேண்டும், அதுதான் விளையாட்டு. எதிரே நின்று நடத்தும் அந்தத் தெரு நர்ஸக்கா, பிள்ளைகளை இன்னும் நெருங்கி நிற்கச் சொல்கிறாள். இன்று இவள் விழுந்தால் ஜென்மத்துக்கும் யாரையும் நம்ப மாட்டாள்.

"பிடிப்பீங்கல்ல?"

"சும்மா சாயிடி, நாங்க இருக்கோம்," என்கிறார்கள் பின்னால் நிற்கும் பிள்ளைகள்.

அவள் சாய்கிற நொடியில் கூரையில் ஏதோ தடாலென்று விழுகிறது. பிள்ளைகள் அலறியடித்து வாசலுக்கு ஓடுகிறார்கள். ஆனால் முசுடு விழவில்லை. யாருமில்லாத இடத்தில் பாதி சாய்ந்தபடி அப்படியே நிற்கிறாள். அவளுடைய சட்டைத் தோளில் விரல் விரலாய்க் குழி விழுந்திருக்கிறது. முகத்தில் இதுவரை யாரும் பார்த்திராத சிரிப்பு.

"பரவால்லையே, நல்லாத்தான் பிடிக்கிறீங்க," என்கிறாள் கண்ணைத் திறக்காமலே. "போதும், விடுங்க."

அக்கா பாய்ந்து அவள் கையைப் பற்றித் தன் பக்கம் இழுக்கிறாள். மறுபக்கமும் இழுக்கிறது.