இன், ஒன், அற்

"இஞ்சேருங்க, எலுமிச்சங்காய் எங்க கிடக்கு?"

"சட்டியில."

"அது தமிழ். இங்கிலீசில சொல்லுங்க."

சாமித்தம்பி குசினி வாசலில் உட்கார்ந்தபடி சட்டியை உற்றுப் பார்த்தான். "ஒன் த சட்டி."

"மூடிக்கு மேல கிடந்தாத்தான் 'ஒன்'. இது உள்ளுக்கல்லவா கிடக்கு? 'இன்' எண்டு சொல்லணும்." சீதேவிப்பிள்ளை மூடியைத் திறந்து காட்டினாள்.

"நமக்கு எல்லாத்துக்கும் ஒரு 'இல' போதும். சட்டியில, மேசையில, தோணித்துறையில. வெள்ளைக்காரனுக்கு மட்டும் என்னத்துக்குப் புள்ள மூண்டு?"

"அத துரையிட்டக் கேளுங்க. இப்ப தோணித்துறைக்கு என்ன வரும்?"

"அற்."

"அப்பாடா, ஒண்டு சரி."

மட்டக்களப்புக்கு ரயில் வந்து சில வருசங்களே ஆகியிருந்த காலம் அது. கொழும்பில் கொப்பரா ஏற்றுமதி செய்யும் வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்றுக்குக் கணக்கெழுத ஒரு கிளாக்கர் தேவையாம். துரை றெஸ்ட் ஹவுசில் வந்து தங்கி, ஆட்களை நேரில் கேள்வி கேட்டுத் தெரிவு செய்வாராம். பக்கத்து ஊரான செட்டிபாளையத்துக்கு இந்தச் செய்தி வந்த நாளிலிருந்து சாமித்தம்பியின் மாமனார் கனகசிங்கத்தாருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மருமகனுக்குக் கையெழுத்து முத்து முத்தாக வரும். கணக்கும் வரும். இந்த இன், ஒன், அற் மட்டும்தான் தகராறு. அதற்கும் மிசன் பள்ளிக்கூடத்தில் படித்த மகள் வீட்டிலேயே இருக்கிறாள். வேறென்ன வேண்டும்? ஊரில் பாதிப்பேரிடம் அவர் இப்போதே மருமகனைக் கிளாக்கர் ஆக்கிவிட்டார்.

மட்டக்களப்பில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடி வருவார். பெண் தாய்வீட்டை விட்டுக் கிளம்பும் வழக்கம் இல்லை. ஆகவே வேலை கிடைத்தால் சாமித்தம்பி கொழும்பில், சீதேவிப்பிள்ளை செட்டிபாளையத்தில். தைப்பொங்கலுக்கும் கோயில் சடங்குக்கும் அவன் வந்து போனால்தான் உண்டு. கல்யாணமாகி ஒரு வருசம்கூட ஆகவில்லை. அதை நினைத்தாலே அவளுக்கு அழுகை வந்தது. ஆனாலும் வந்த உத்தியோகத்தைக் கெடுத்தவள் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாதே! பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தாள்.

"எனக்கு உன்னில பயம். இத எப்பிடிச் சொல்லுவீங்க?"

"ஐ ஆம் அஃப்றெயிட் ஒஃப் யூ. அத இங்கிலீசில வேற சொல்லணுமா?"

"பகிடிய விடுங்க. நான் இவளக் கலியாணம் முடிச்சவன்?"

"மறீட் வித்..."

"வித் இல்ல. 'மறீட் டு'."

"நாம ரெண்டு பேரும் ஒண்டாத்தானே இருக்கம்? அப்ப 'வித்' தானே சரி?"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் கலங்கியது. அடுப்பை ஊதுகிற சாக்கில் திரும்பிக்கொண்டாள்.

துரையைப் பார்க்கப் போவதற்கு முதல் நாள், அவள் எதைக் கேட்டாலும் சாமித்தம்பி தட்டுத்தடங்கல் இல்லாமல் சொன்னான். அவளுக்குப் பெருமையாக இருந்தது. இவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டாமோ என்றும் இருந்தது.

விடிந்ததும் மாமனும் மருமகனும் வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். வெயில் சாயும் நேரத்தில் திரும்பி வந்த கனகசிங்கத்தார், படலையைத் திறக்கும்போதே புலம்பினார்.

"எல்லாம் பாழாப் போச்சு மகள்!"

"என்னப்பா நடந்த?"

"நான் சன்னலுக்கு வெளியால நிண்டு கேட்டுக்கொண்டிருந்தன். எனக்கு எங்க இங்கிலீசு விளங்குற? ஆனா 'யெஸ்'சும் 'நோ'வும் விளங்கும். துரை தொப்பியையும் பேனையையும் அங்கயும் இஞ்சயும் மாத்தி மாத்தி வச்சுக் கேக்கிறார். மருமகன் சொல்றார். துரை 'நோ' எங்கிறார். மறுகா வேற ஒண்டு கேக்கிறார். அதுக்கும் 'நோ'. முடியுமட்டும் ஒரு 'யெஸ்' அந்த மனுசன்ட வாயால வரல்ல மகள்!"

சாமித்தம்பி தலையைக் குனிந்துகொண்டு நின்றான். "துரையக் கண்டதும் படிச்சதெல்லாம் மறந்திற்று மாமா."

அந்த முகத்தைப் பார்த்ததும் கனகசிங்கத்தாருக்கே மனம் இளகிவிட்டது. "போனாப் போகுது, விடுங்க மகன். வெல்லாவெளி வட்டையில வயல் விதைப்பு வேலை கிடக்கு. நீங்களும் கொழும்புக்குப் போயிருந்தா நான் தனியக் கிடந்து இழுபட்டிருப்பன். முகத்தக் கழுவிப்போட்டுச் சாப்பிடுங்க." சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றடிப் பக்கம் நடந்தார்.

சீதேவிப்பிள்ளை சோறு போட்டாள். கொடுவா மீன் பொரியலை வைத்தாள். அகப்பையைச் சட்டியில் ணங்கென்று போட்டாள். இத்தனை நாள் பாடுபட்டுச் சொல்லிக்கொடுத்தவளுக்குக் கோபம் வராதா என்ன? சாமித்தம்பி தலை நிமிராமல் சாப்பிட்டான்.

"ஒண்டுகூடவா சரியா வரல்ல?" என்று கடைசியில் கேட்டாள்.

"ஒண்டும் வரல்ல புள்ள."

"ஒண்டும் தெரியாத ஆள் கண்ண மூடிக்கொண்டு சொன்னாலும் ரெண்டு மூண்டு சரியா வருமே?"

சாமித்தம்பியின் கை சோற்றில் அப்படியே நின்றது.

அவள் கிணற்றடிப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு அவன் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, தனக்கென்று எடுத்து வைத்திருந்த மீன் துண்டையும் அவன் சோற்றில் வைத்து, மெதுவாகச் சொன்னாள்:

"மறுகா ஒரு துரை வந்து கேட்டா, ரெண்டு மூண்டையாவது சரியாச் சொல்லிப்போடுங்க. இல்லாட்டி என்னப்போல அவங்களும் கண்டுபிடிச்சிருவாங்க."