காய்ந்த மை

பத்திரப்பதிவு அலுவலகத்தில் செங்கமலத்தின் இடது கட்டைவிரலில் மை தடவியாகிவிட்டது. பாகப்பிரிவினைப் பத்திரத்தில் அதை அழுத்திக் கையெழுத்தும் போட வேண்டியதுதான் பாக்கி. அவளோ விரலை அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு, மறு கையால் முதல் பக்கத்தைப் புரட்டினாள். பின்னால் வரிசை முணுமுணுத்தது.

"கூடப் பொறந்தவன் எழுதவெச்சதையா படிச்சுப் பாப்பே?" என்றான் அண்ணன்.

"படிச்சுட்டு வெக்கிறேண்ணே."

நிதானமாகப் படித்துக்கொண்டே தன் பங்கின் எல்லைகளுக்கு வந்தாள். வடக்கே அண்ணன் நிலம். தெற்கே அண்ணன் நிலம். கிழக்கும் மேற்கும் அப்படியே.

"நாலு பக்கமும் நீயே இருக்கியேண்ணே. என் வயலுக்கு நான் எப்படிப் போறது?"

"என் வரப்புல நடந்து போயேன். யாரு தடுக்கப்போறா?"

"அப்ப அதையும் எழுதிடு."

அண்ணன் பத்திரம் எழுதியவரைப் பார்த்தான். அவர் மின்விசிறியைப் பார்த்தார். அதற்குள் விரலில் மை காய்ந்துவிட்டது.

"மறுபடியும் மை தொடணும்மா" என்று சலித்துக்கொண்டார் குமாஸ்தா.

"பாதையை எழுதிட்டு வரட்டும். எத்தனை தடவை வேணும்னாலும் தொடறேன்."

கறுத்த விரலைத் துடைக்காமல், நிமிர்ந்து நடந்துபோய் பெஞ்சில் உட்கார்ந்தாள். வரிசையில் அடுத்து நின்ற பெண், மை தொடப்போன கையை இழுத்துத் தன் தம்பியிடம் நீட்டினாள்.

"நம்ம பத்திரத்தை இப்படிக் குடு."