சட்டைப்பையில் இருக்கிற அட்டை

செவ்வாய்க்கிழமை பின்னேர வெயில் கொழும்பு கொட்டாஞ்சேனைச் சோதனைச்சாவடியின் மணல்மூட்டைகளைச் சுடுகிறது. திருநீற்று நெற்றியோடு அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தப் புறப்பட்ட திலகவதியிடம் அடையாள அட்டை இல்லை. அவள் வெளிக்கிடக் கூடாதென்று புருஷன் அதைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறான். நேற்று அவன் குத்திய இடது கண் இன்னும் திறக்கவில்லை. “புருஷன் வந்து சொன்னால் விடுவானாம். இல்லாட்டி ட்ரக்கில ஏத்துவானாம்,” என்று சிப்பாயின் சிங்களத்தைக் கூட வந்த பக்கத்து வீட்டுப் பிலோமினா தமிழில் சொல்கிறாள். “அந்தாளைக் கூப்பிட வேண்டாம் அக்கா. நான் ஏறுறன்.” “விசரி, ஸ்டேசனில தனிய என்ன செய்வாய்?” திலகவதி ட்ரக்கின் இரும்புப் படியில் கால் வைக்கிறாள். பிலோமினா இன்னும் காட்டாத தன் அட்டையை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, தன்னிடமும் இல்லையென்று சிப்பாயிடம் கையை விரிக்கிறாள்.