ஓர் உளி குறைகிறது

நாலு ஐம்பதுக்கு எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது.

மேஸ்திரி பலகையின் முன்னால் நின்று இரண்டாவது முறை எண்ணினார். சுவர் அகலத்துக்குப் பலகை. ஒவ்வொரு கருவியையும் மாட்டும் இடத்தில் அதன் உருவம் கறுப்பு வண்ணத்தில் வரையப்பட்டிருந்தது. மூன்றாவது வரிசையில் ஓர் உருவம் வெறுமையாக இருந்தது.

"முக்கா இஞ்ச் உளி" என்றார். "மொத்த சாமான் நாப்பத்தாறு இருக்கணும். நாப்பத்தஞ்சுதான் இருக்கு."

யாரோ அறுப்பு இயந்திரத்தை நிறுத்தினார்கள். யாரும் சொல்லாமலேயே எல்லோரும் வந்து பலகையைப் பார்த்து வரிசையாக நின்றார்கள். மேஸ்திரியோடு ஆறு பேர். ஆறு பேரும் தச்சு வேலையைச் சிறையில் கற்றவர்கள். அதற்கு முன் ஓர் ஆணியைக்கூட நேராக அடித்ததில்லை.

கடைசியில் நின்ற பாலிஷ்காரர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

அவருடைய சட்டைப் பையில் மகளின் கடிதம் இருந்தது. அது அவருக்கு மனப்பாடம். 'ஐந்து மணிக்கு வாசலில் இருப்பேன். ஐந்தரைக்கு எனக்கு பஸ். மாமாவுக்குத் தெரியாமல் வருகிறேன். இன்னொரு தடவை முடியாது.' அவர் அவளைக் கடைசியாகப் பார்த்தபோது அவளுக்கு எட்டு வயது. இப்போது பதினேழு.

"மேஸ்திரி, அஞ்சு மணிக்குப் பொண்ணு வருது."

"தெரியும்ப்பா. காலையிலேர்ந்து எட்டு தடவ சொல்லிட்ட."

"ஒம்பது வருஷம் கழிச்சு வருது."

"அதையும் சொல்லிட்ட. தேடு."

தேடினார்கள். மேசைகளுக்கு அடியில், வார்னிஷ் டப்பாக்களுக்குப் பின்னால், சீவல் குவியலுக்குள். நெட்டை முட்டி போட்டு மரத்தூளை விரல்களால் அளைந்தான். வக்கீலின் டிபன் பாக்ஸைக்கூடத் திறந்து பார்த்தார்கள். உள்ளே மீந்த சாப்பாடும் ஒரு ஸ்பூனும் இருந்தன.

"ஸ்பூனையும் சேத்து எண்ணிக்கங்க. கணக்கு சரியாப் போயிடும்" என்றார் வக்கீல். எல்லாவற்றுக்கும் வாதாடுவதால் வந்த பெயர் அது.

யாரும் சிரிக்கவில்லை. ஐந்து அடித்தது.

பாலிஷ்காரர் தேடிய இடத்திலேயே மறுபடி தேடினார். கை பட்டு ஒரு டப்பா கவிழ்ந்தது. துடைக்கத் துணியை எடுத்தவர், துடைக்காமல் அதை உதறிப் பார்த்தார்.

"கடைசியா யாரு கையில இருந்துச்சு?" என்றார் மேஸ்திரி.

"என் கையில" என்றான் நெட்டை. "மத்தியானமே மாட்டிட்டேன். சத்தியமா."

"மாட்டின உளிக்குக் கால் மொளச்சுடுச்சா?"

"அத உளியத்தான் கேக்கணும்."

ஐந்து பத்து. பாலிஷ்காரர் மேஸ்திரியின் அருகில் வந்தார்.

"நான் மட்டும் ஒரு நிமிஷம் போய்ப் பொண்ணப் பாத்துட்டு வந்துடறேனே."

"போன வருஷம் அரம் ஒண்ணு காணாமப் போச்சே, மறந்துட்டியா? அவசரம்னு ஒருத்தன் கக்கூஸுக்குப் போனான். அவன்தான் எடுத்தான்னு எழுதிட்டாங்க."

"மூணு மாசம் பட்டறையே கெடையாதுன்னுட்டாங்க" என்றார் வக்கீல். "கடைசியில அரம் வார்டருங்க பெட்டியிலதான் இருந்துச்சு."

"நம்மள மாதிரி ஆளுங்க இருக்கற எடத்துல ஒரு சாமான் காணலன்னா, மொதல்ல போனவன் பேருதான் அடிபடும்" என்றார் மேஸ்திரி. "உன் ஒருத்தனால எல்லாரு வேலையும் போகும். பட்டறை ஐயா வரட்டும். அவரு கண்ணு முன்னாடி எண்ணிடுவோம். அப்புறம் ஓடு."

"ஐயா எப்ப வருவாரு?"

"மூணு மணிக்குப் போனாரு. எங்கிட்ட சொல்லிட்டா போனாரு?"

மறுபடியும் வரிசை. கைகள் முதுகுக்குப் பின்னால், கண்கள் பலகையில். வரிசையில் நிற்கும்போது திரும்பிப் பார்ப்பது அவர்களில் யாருக்கும் பழக்கமில்லை.

பாலிஷ்காரர் வலது காலை மாற்றி இடது காலில் நின்றார். இடது காலை மாற்றி வலது காலில் நின்றார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. எங்கோ ஒரு ஹார்ன் சத்தம் கேட்டதும் அவருடைய தோள் துள்ளியது.

"கெளம்பியிருக்காதுய்யா" என்றார் வக்கீல், உதடு அசையாமல். "பஸ்ஸு என்னிக்கு நேரத்துக்கு வந்துருக்கு?"

"இன்னிக்கு வரும். என் நேரம் அப்படி."

ஐந்து இருபத்தெட்டு. பாலிஷ்காரரின் பாதம் வரிசையை விட்டு ஓரடி விலகியது. மேஸ்திரி தொண்டையைக் கனைத்தார். பாதம் திரும்பி வந்தது.

"அப்பா."

குரல் பின்னாலிருந்து வந்தது. ஆறு பேரும் திரும்பினார்கள்.

தோளில் பையோடு ஒரு பெண் பட்டறைக்குள் நாலடி வந்து நின்றிருந்தாள். அவளை யாரும் நிறுத்தவில்லை. நிறுத்த அங்கே யாரும் இல்லை. அவளுக்குப் பின்னால் இரண்டு கதவுகளும் அகலத் திறந்திருந்தன. வெளியே தெரு. தெருவுக்கு எதிர்ப்பக்கம் பஸ் நிறுத்தம். அங்கிருந்து ஒரு பஸ் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது.

"அரை மணி நேரமா எதிர்லதான் நின்னேன்" என்றாள். "உங்க முதுகு நல்லாத் தெரிஞ்சுது. என்னப் பாக்கப் பிடிக்கலபோலன்னு நெனச்சுட்டேன்."

"ஐயோ, இல்லம்மா." பாலிஷ்காரர் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. "உளி ஒண்ணு கொறையுது. எண்ணி முடிக்காம விட மாட்டாங்க."

அவள் பலகையைப் பார்த்தாள். வரிசையாக நின்ற ஆறு பேரையும் பார்த்தாள்.

"நீங்க ரிலீஸ் ஆகி நாலு மாசம் ஆச்சுப்பா. இன்னும் யாரு உங்கள விடணும்?"