மூன்றாவது வரி

"சுருதி மறுபடியும் இறங்குது. அந்த மூணாவது வரி. உனக்கே கேக்கலையா?"

அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்து கதவோரம் நின்றாள் மனைவி.

கணவன் பாட்டை முதலிலிருந்து ஆரம்பித்தான். மடியில் புது பேஸ் கிட்டார். பழைய கிட்டாரின் கழுத்தில் குறுக்கே ஃப்ரெட் கம்பிகள் பதித்திருக்கும். விரலைக் கொஞ்சம் முன்னே பின்னே வைத்தாலும் சுரம் சரியாக வந்து நிற்கும். இதில் அந்தக் கம்பிகளே கிடையாது. வழவழவென்று வெறும் மரம். விரல் ஒரு மயிரிழை தள்ளி விழுந்தால் சுரமும் தள்ளி விழும்.

"மத்த வரியெல்லாம் சுத்தமா இருக்கு. அங்க மட்டும் உனக்கு என்ன ஆகுது?"

"பழகிட்டுதானே இருக்கேன். வந்துடும்."

"எப்ப, கச்சேரி முடிஞ்சப்புறமா? அண்ணி ரொம்ப நாள் கழிச்சு மேடை ஏறுறாங்க. பேசாம பழைய கிட்டாரையே எடு."

அண்ணி என்பது அவனுடைய அக்கா. அவர்கள் இசைக்குழுவின் பாடகி. இவள் அதில் கீபோர்டு. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அப்படித்தான்.

"எடுக்க மாட்டேன்." தந்திகளைத் துணியால் துடைத்தபடி, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "இன்னொண்ணு. அக்கா பாட்டுக்கு நீ வாசிக்க வேணாம். குரலும் பேஸும் போதும்."

உள்ளே பால் பொங்கி வழியும் சத்தம் கேட்டது. அவள் நகரவில்லை.

"என் கீபோர்டு எப்பலேர்ந்து உனக்குக் கசந்துச்சு?"

"கசக்கலை. அந்தப் பாட்டுக்கு வேணாம்னு தோணுது, அவ்வளவுதான்."

"புதுசா ஒண்ணு வாங்கினா ஊரே உன்னைத்தான் பாக்கணும். அதைச் சொல்லிட்டுப் போயேன்."

அவன் மறுபடியும் அந்த வரியையே வாசிக்கத் தொடங்கினான். அதுதான் அவளை அதிகம் சுட்டது. அக்கா வீட்டு ஒத்திகைக்கும் அவளைக் கூப்பிடாமல் தனியாகவே போய்வந்தான். வீட்டில் உட்கார்ந்து வாசித்தால் அதே வரி, அதே இறக்கம். அவளும் திருத்துவதை விட்டுவிட்டாள். மேடையில் பட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

கச்சேரியன்று அரங்கு நிறைந்திருந்தது. அக்காவின் பாட்டு கடைசி. டிரம்ஸ்காரர் குச்சிகளை மடியில் போட்டுக்கொண்டு சாய்ந்தார். இவள் கீபோர்டின் சத்தம் வெளியே போகாமல் அடைத்துவிட்டு, ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைத்துக்கொண்டாள். இன்றைக்கு எவ்வளவு சுருதி தப்புகிறான் என்று பார்த்துவிடுகிற வீம்பு.

மூன்றாவது வரி வந்தது. சரியான கட்டையை மெல்ல அழுத்தினாள். நினைத்தபடியே பேஸ் அதற்குச் சற்றுக் கீழே இருந்தது. அடுத்த நொடி அவள் விரல் கட்டையிலேயே நின்றுவிட்டது.

அரங்கில் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. பாட்டு முடிந்ததும் கைதட்டல் எழுந்தது.

திரைக்குப் பின்னால் அக்கா வந்து அவள் கையைப் பற்றிக்கொண்டாள்.

"உண்மையைச் சொல்லு. மத்தவங்க என் மனசுக்காகப் பேசுவாங்க, உன் காதைத்தான் நம்புறேன். தொண்டையில ஆபரேஷன் பண்ணினதுலேர்ந்து, மேல போறப்ப குரல் நிக்குதா சறுக்குதான்னு எனக்கே தெரிய மாட்டேங்குது. மூணாவது வரியில இறங்கிட்டேனா?"

அவள் கணவனைப் பார்த்தாள். கிட்டாரை உறைக்குள் வைத்துக்கொண்டிருந்தான். அந்தக் குரல் சறுக்கி வந்து விழுகிற இடத்தை இத்தனை நாளாகத் தேடி, இன்று அதற்கு முன்பே அங்கே போய் நின்றிருந்தான்.

"பேஸை விட்டு ஒரு இழைகூட விலகலை, அண்ணி" என்றாள்.