ஐப்பசியில் பாடம் இல்லை

“இங்க ஒரு பள்ளிக்கூடம் நடக்குதாமே! அதைக் கண்ணால பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்” என்றார் சமுத்திரம் வாத்தியார். வெள்ளத்தாயின் குடிசைக்குப் பத்தடி தள்ளியே நின்றுகொண்டார்.

சோழபுரத்துக்குப் பக்கத்தில் ஏழு வருஷமாக ஆரம்பப் பள்ளிக்கூடம் நடத்துகிறவர் அவர். வருகிற திங்கட்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சர்க்கார் இன்ஸ்பெக்டர் குதிரை வண்டியில் வந்து இறங்கப் போகிறார். பதிவேட்டில் இன்னும் ஏழு பிள்ளைகள் சேராவிட்டால் பள்ளிக்கூடத்தை இழுத்து மூடிவிடுவதாகப் போன தடவையே சொல்லிவிட்டுப் போயிருந்தார். மூடினால் சமுத்திரத்துக்கு இந்த வயதில் வேறு பிழைப்பு கிடையாது. இந்த நேரம் பார்த்துத்தான், கண்மாய்க்கரையில் ஒரு புல்லறுக்கிறவள் சரியாக ஏழு பிள்ளைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு வீட்டிலேயே பாடம் படிக்க வைக்கிறாள் என்ற சேதி அவர் காதில் விழுந்தது. வயிறு எரியாதா?

“பள்ளிக்கூடமெல்லாம் இல்லைங்கய்யா” என்றாள் வெள்ளத்தாய், தலையிலிருந்த புல்லுக்கட்டை இறக்கியபடி. “சாயங்காலமானா பிள்ளைக மணல்ல எழுதிப் பழகுதுக. எம் பிள்ளைக ரெண்டு, அக்கம்பக்கத்துப் பிள்ளைக அஞ்சு.”

“யாரு சொல்லிக் குடுக்கா? நீயா? உனக்குக் கையெழுத்தாவது வருமா?”

“எனக்கு எங்கங்கய்யா? கைநாட்டுதான். அதுக்கு ஒரு வாத்தியாரு இருக்காவ.”

சமுத்திரத்துக்குச் சுருக்கென்றது. தன் பிழைப்பில் மண்ணைப் போட எவனோ கிளம்பியிருக்கிறான்!

“எந்த ஊரு வாத்தியான்? ட்ரெயினிங் முடிச்சவனா? இல்ல, ராஜபாளையம் சந்தையில ஜோசியம் பாக்குறவனா?”

வெள்ளத்தாய் பிள்ளைகள் பக்கம் கையைக் காட்டினாள். “பிள்ளைககிட்ட வேணும்னா பாடம் கேட்டுப் பாருங்க” என்றாள்.

மணலில் உட்கார்ந்திருந்த அவளுடைய மகள் சுடலையம்மாள் எழுந்து நின்றாள். பத்து வயதுதான் இருக்கும். இதுவெல்லாம் படித்து என்ன கிழிக்கப் போகிறது என்று நினைத்துக்கொண்டே, வேண்டுமென்றே கடினமாகக் கேட்டார் வாத்தியார்.

“ஏட்டி, பதினாறாம் வாய்ப்பாடு சொல்லு.”

கையைக் கட்டிக்கொண்டு, மூச்சு விடாமல் ராகம் போட்டுச் சொல்லி முடித்தாள் சுடலையம்மாள். முடித்ததும் அதே ராகத்தில், “வெளங்காத கழுதைகளா, இன்னொருக்கச் சொல்லுங்க!” என்றாள்.

“பாரு, பாரு! வாய்ப்பாட்டோட வசவையும் சேத்துக் கத்துக் குடுத்திருக்கான். மரியாதை கெட்ட பய! சரி, இருபதுல ஏழு போனா மிச்சம் எம்புட்டு?”

சுடலையம்மாள் விழித்தாள். அவள் தம்பி கருத்தப்பாண்டியைக் கேட்டார். அவனும் விழித்தான். மற்ற ஐந்தும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

சமுத்திரத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “பெருக்கல் தெரியுது, கழித்தல் தெரியல! அஸ்திவாரம் போடாம மச்சு கட்டியிருக்கான் அந்தப் புத்திசாலி!”

“கழித்தல் ஐப்பசியில வந்த பாடங்கய்யா” என்றாள் வெள்ளத்தாய். “மழைக்காலத்துல இதுகளுக்குப் பாடம் கிடையாது.”

“ஏன்? வாத்தியான் உப்புக்கட்டியா, மழையில கரைஞ்சு போயிருவானா?”

“அது அப்படித்தாங்கய்யா. ஆடியில காத்து பாதியை அள்ளிட்டுப் போயிரும், அரைப் பாடம்தான். ஐப்பசி, கார்த்திகையில சுத்தமாக் கிடையாது. மார்கழி, தையில பரவால்ல. மாசி, பங்குனி வந்துட்டா வெயில் ஏற ஏற ஒரு சொல்லு விடாமப் படிச்சிரும்ங்க.”

வாத்தியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் கோபம் வந்தது.

“பருவம் பாத்து நடத்த இது என்ன பருத்தி வெள்ளாமையா? என் பள்ளிக்கூடத்துல இடி விழுந்தாலும் பாடம் நிக்காது, தெரியுமா? போன ஐப்பசியில கூரை பிச்சுக்கிட்டுப் போற மழை. அன்னைக்கும் நடத்தினேன். பிள்ளைகளைப் பாதிப் படிப்போட விட்டுட்டுப் போறவன் வாத்தியானா? வெக்கங்கெட்டவன்! சம்பளத்துக்கு மாரடிக்கிற பய!”

“அவியளை அப்படிச் சொல்லாதிய. கணீர்னு சொல்லுவாவ. சம்பளமும் கேட்டதில்ல.”

ஓசியில் நடத்துகிறவன் வேறா! அப்படியானால் அவனை ஒழித்துக் கட்டாமல் ஏழும் தன் கைக்கு வராது என்று சமுத்திரத்துக்குப் பட்டது. குரலைக் கொஞ்சம் இறக்கினார்.

“இந்தா பாரு. திங்கக்கிழமை காலையில ஏழையும் குளிப்பாட்டிக் கூட்டிட்டு வா. சேத்துக்கிடுதேன். உள்ள பெஞ்சுலயே உக்கார வைக்கேன்.”

“உள்ளயா?” என்றாள் வெள்ளத்தாய். நம்ப முடியாமல் இன்னொரு தடவையும் கேட்டாள். “உள்ளயாங்கய்யா?”

“உள்ளதான். ஆனா மொதல்ல அந்த வாத்தியான் யாருன்னு சொல்லு. இன்ஸ்பெக்டருக்கு எழுதிப் போட்டு, அவன் இனி எங்கயும் வாயைத் திறக்காமப் பண்ணுதேன்.”

வெள்ளத்தாய் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“மூணு வருசத்துக்கு முந்தி இதுகளைச் சேக்கக் கூட்டியாந்தேன். ‘உங்க பிள்ளைக உள்ள வந்தா ஊர்ப் பிள்ளைக வராது’ன்னு விரட்டி விட்டிய. அன்னையிலயிருந்து உங்க முதுகுக்குப் பின்னால, சன்னலுக்கு வெளிய ஆடு மேய்ச்சிக்கிட்டேதான் இதுக படிக்குதுக. வாத்தியாரு நீங்கதாங்கய்யா, மழை வந்தா சன்னலைச் சாத்திருவீய.”