சிவப்பு விளக்கு எரியும்போது

கடைசிச் சுரம் இன்னும் கூடத்தில் மிதக்கிறது. இருபதாம் நூற்றாண்டு பிரிட்டிஷ் பியானோ கான்செர்ட்டோக்கள், அதாவது பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்புகள், மூன்றை இசைத்தட்டுக்காகப் பதிவு செய்யும் வேலை இதோடு முடிகிறது. ஒலிப்பதிவு ஓடுகிறது என்று காட்டும் சிவப்பு விளக்கு சுவரில் எரிகிறது. அது அணையும்வரை யாரும் அசையக்கூடாது. வயலின்காரர்களின் வில்கள் அந்தரத்தில் நிற்கின்றன. இசைக்குழுவை நடத்துபவர் தூக்கிய கையை இறக்கவில்லை. பியானோ வாசித்த பெரியவர் மட்டும் மெல்ல முன்னால் சாய்ந்து, நெற்றியைப் பியானோவின் கருப்பு விளிம்பில் வைத்திருக்கிறார். உருக்கத்தில் சாய்ந்திருக்கிறார் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இசைத்தாளின் பக்கம் புரட்ட அருகில் உட்கார்ந்திருக்கும் மகளுக்கு மட்டும்தான் அவர் முகம் தெரிகிறது. கண்கள் திறந்திருக்கின்றன, இமைக்கவில்லை. இடது கை மடியிலிருந்து நழுவித் தொங்குகிறது. செருப்புக் கழற்றிய பாதத்தின் பாரம் பெடலை அழுத்திக்கொண்டே இருக்க, தந்திகள் அதிர்வை விடாமல் இழுக்கின்றன. பதிவறைக் கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பதிவாளர், "என்ன சார், பெடல்ல இருந்து காலையே எடுக்க மாட்டேங்கிறாரு?" என்கிறார். "எடுக்க வேணாம்யா. சத்தம் எவ்வளவு அழகா அடங்குது பாரு," என்று தயாரிப்பாளர் கண்ணை மூடிக்கொள்கிறார். "விளக்கை அணைச்சுத் தொலைச்சிடாத." அப்பா என்று கத்த வாயைத் திறந்த மகள் அப்படியே மூடிக்கொள்கிறாள். "சிவப்பு எரியும்போது தலையில இடி விழுந்தாலும் அசையாதம்மா" என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவர் அவர். விரல்களுக்கிடையில் இருக்கும் தாள் சலசலக்காதபடி இறுகப் பிடித்துக்கொண்டு, அவள் அப்பாவை விட்டுவிட்டு விளக்கையே பார்க்கிறாள்.